வாசகர் கேள்வி – பதில்: இங்கிலாந்துக் கிராமப் பாரிஷில் வேர் தேடுவோருக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே திசையைப் பார்த்தன. இங்கிலாந்தின் கிராமப்புறப் பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப் பகுதி) ஒன்றில் ஒரு குடும்பத்தையோ, ஒரு வீட்டையோ, ஊரையேயோ பின்னோக்கித் தேடுவது எப்படி என்பதே கேள்வி. எனவே பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கே: என் கணவரின் கொள்ளுத்தாத்தா நார்ஃபக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) ஏதோ ஒரு சிற்றூரில் 1890 வாக்கில் பிறந்தவர். பெயர் தெரியும், ஊர் தெரியாது. எங்கே தொடங்கலாம்? (வாசகி, லண்டன்)

ப: 1890க்கு நேரே தாவாதீர்கள். ஐயமில்லாமல் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவரிடமிருந்து ஒரு தலைமுறை பின்னே, பிறகு இன்னொரு தலைமுறை பின்னே என்று போங்கள். நடுவில் ஒரு படியை ஊகத்தால் நிரப்பினால், அதற்கு மேலே கண்டுபிடிப்பதெல்லாம் வேறு யாரோ ஒருவரின் முன்னோராகிவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 அன்று. பிறப்புச் சான்றிதழில் தாயின் கன்னிப் பெயர் இருக்கும். அதைக் கொண்டு பெற்றோரின் திருமணத்தைத் தேடலாம். திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். அவற்றைக் கொண்டு மணமக்களின் பிறப்பைத் தேடலாம். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் 1837 வரை போய்விடலாம்.

சவுத்போர்ட்டில் இருக்கும் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் பிறப்புகளுக்குத் தொடக்கம் முதலே தாயின் கன்னிப் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழைய காலாண்டு அட்டவணைகளில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். நார்ஃபக்கில் ஒரே குடும்பப் பெயர் பத்து ஊர்களில் இருக்கும் என்பதால் முதலில் சொன்ன அட்டவணைதான் உங்களுக்கு உதவும். திருமணங்கள் அதில் இல்லை. அவற்றுக்கு ஃப்ரீபிஎம்டி என்ற இலவசத் தளத்துக்குப் போங்கள். கணவன், மனைவி இருவருக்கும் மாவட்டம், தொகுதி எண், பக்க எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் இருப்பார்கள் என்பதால், எண் பொருந்தியது மட்டும் போதாது.

இரண்டு இடங்களில் பலரும் சறுக்குகிறார்கள். அட்டவணையின் காலாண்டு, பிறந்த நாளைக் காட்டுவதில்லை; பதிந்த நாளைத்தான் காட்டுகிறது. பதிவதற்கு 42 நாள் அவகாசம் உண்டு. ஆகவே மார்ச் மாதக் குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். அடுத்தது, 'பதிவு மாவட்டம்' என்று இருக்கும் பெயர் பெரும்பாலும் ஒரு சந்தை நகரத்தின் பெயர். சுற்றியுள்ள கிராமங்கள் பல அதற்குள் அடங்கும். அதையே பிறந்த ஊராக எழுதிவிடாதீர்கள்.

2024இல் உயர்த்திய கட்டணப்படி அச்சுச் சான்றிதழ் 12.50 பவுண்டு. பழைய பிறப்புகளுக்கும் ஒரு பகுதி இறப்புகளுக்கும் கிடைக்கும் டிஜிட்டல் படம் 3 பவுண்டு. ஆய்வுக்கு டிஜிட்டல் படமே போதும்.

1837க்கும் 1874க்கும் இடையே ஒரு பிறப்பு அகப்படவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பதிவு செய்யும் பொறுப்பு பெற்றோர் மேல் அபராதத்தோடு கண்டிப்பாக விழுந்தது 1875 முதல்தான். அதற்கு முன் விடுபட்ட குழந்தைகள் உண்டு. அவர்களைத் தேவாலயப் பதிவேட்டில் தேட வேண்டும்.

கே: ஒரே ஆளுக்கு ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஒரு வயது, ஒரு பிறந்த ஊர். எதை நம்புவது? (வாசகர், பர்மிங்காம்)

ப: ஒன்றை மட்டும் நம்பாமல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். 1841 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். சில கணக்கெடுப்பாளர்கள் அதைப் பின்பற்றாமல் சரியான வயதையே எழுதினார்கள். பிறந்த இடம் பற்றி 1841 சொல்வது, இதே கவுண்டியா இல்லையா என்பதை மட்டுமே. பாரிஷின் பெயரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் 1851 முதல்தான் வருகின்றன.

பிறந்த ஊர் மாறுவதற்கு ஒரு காரணம், வீட்டில் யார் பதில் சொன்னார்கள் என்பது. ஒருவர் தான் பிறந்த சிற்றூரைச் சொல்வார், பத்து ஆண்டு கழித்துப் பக்கத்துப் பெரிய ஊரைச் சொல்வார், முதுமையில் தான் வளர்ந்த ஊரைச் சொல்வார். இளமையில், பெற்றோர் வீட்டில் இருக்கும்போது எழுதியதற்குக் கூடுதல் எடை கொடுங்கள். அப்போது பதில் சொன்னவர்கள் பிறப்பை நேரில் அறிந்தவர்கள்.

1911 தனி மதிப்புள்ளது. குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிய தாளே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை குழந்தைகள் பிறந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்பதும் இருக்கும். இடையில் பிறந்து இறந்த குழந்தைகளைப் பற்றி வேறு எதுவும் சொல்லாதபோது இந்தத் தாள் சொல்லிவிடும். 1921 கணக்கெடுப்பு 2022இல் திறக்கப்பட்டது. 1931 கணக்கெடுப்பின் இங்கிலாந்து, வேல்ஸ் தாள்கள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேட்டால் ஓரளவு அடைக்கலாம்.

கே: 1790 வாக்கில் பிறந்த ஜான் ஒருவரின் ஞானஸ்நானத்தைத் தேடுகிறேன். அவர் மணந்த பாரிஷில் இல்லை. பக்கத்துப் பாரிஷில் அதே பெயரில் இருவர் இருக்கிறார்கள். எப்படி முடிவு செய்வது? (வாசகர், லெஸ்டர்)

ப: முதலில் 'இல்லை' என்பதைச் சோதியுங்கள். இணையத்தில் பெயரைத் தட்டி ஒன்றும் வரவில்லை என்றால், பதிவேட்டில் இல்லை என்று ஆகாது. யாரோ பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்து ஏற்றியிருக்கலாம், அல்லது அந்தப் பாரிஷின் அந்த ஆண்டுகளே ஏற்றப்படாமல் இருக்கலாம். ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் போன்ற தளங்களில் எந்தப் பாரிஷுக்கு எந்த ஆண்டுகள் இருக்கின்றன என்ற பட்டியலை முதலில் பாருங்கள். பிறகு பதிவேட்டுப் பக்கங்களின் படங்களை, எதிர்பார்க்கும் ஆண்டுக்கு இருபுறமும் பத்து ஆண்டுக்காவது, வரி வரியாகப் படியுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடிதான் குடும்பப் பெயரை எழுதினார். முதலெழுத்தே மாறியிருக்கலாம், 'எச்' ஒலியில் தொடங்கும் பெயர்கள் அதை இழந்தும் வரும், தேவையில்லாமல் பெற்றும் வரும்.

பதிவேடுகளை வைக்கச் சொல்லித் தாமஸ் க்ராம்வெல் ஆணையிட்டது 1538இல். 1598 முதல் பதிவுகளைத் தோல் ஏட்டில் படியெடுத்து வைக்க வேண்டும் என்றும், ஆண்டுதோறும் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும் என்றும் ஆனது. 'பேராயர் நகல்' எனப்படும் அந்தத் தொகுப்பைப் பலர் தொடுவதே இல்லை. ஈரத்தில் அழிந்த பதிவேட்டுப் பக்கம் நகலில் பிழைத்திருக்கும். பதிவேட்டில் விட்டுப்போன ஒரு பெயர் நகலில் இருப்பதும், நகலில் விட்டது பதிவேட்டில் இருப்பதும் சாதாரணம். இரண்டையும் பாருங்கள்.

1790 என்பது இன்னொரு வகையிலும் கவனிக்க வேண்டிய காலம். 1783 அக்டோபர் 1 முதல் 1794 வரை ஒவ்வொரு ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி இருந்தது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு. வரி வருமுன் குழந்தைகளைக் கூட்டமாகக் கொண்டுவந்தார்கள், வரிக் காலத்தில் தள்ளிப்போட்டார்கள், வரி நீங்கியதும் மறுபடி கூட்டமாக வந்தார்கள். ஆகவே உங்கள் ஜான் நான்கு வயதில், 1794இல், தம்பி தங்கைகளோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் ஏழை என்ற குறிப்பு இருந்தால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். குருவானவர் இரக்கப்பட்டு வரியிலிருந்து காப்பாற்றியதாகவும் இருக்கலாம்.

அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேராத பிரிவினைச் சபையார் என்ற வாய்ப்பும் உண்டு. 1754 மார்ச் 25 முதல் 1837 வரை குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர அனைவரும் ஆங்கிலிக்கத் தேவாலயத்தில்தான் மணக்க வேண்டியிருந்தது. எனவே தேவாலயத்தில் திருமணம் இருந்து, பிள்ளைகளின் ஞானஸ்நானம் ஒன்றுமே இல்லை என்றால், பாப்டிஸ்டுகளாகவோ இண்டிபென்டன்டுகளாகவோ இருந்திருக்கலாம். அவர்களுடைய ஏடுகள் 1837க்குப் பின் திரட்டப்பட்டு, கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 4 என்ற வரிசையில் இருக்கின்றன.

இனி அந்த இரண்டு ஜான்கள். ஒருவரைக் கழிக்க முயலுங்கள். சிறுவயதில் இறந்தாரா என்று அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது அன்று வழக்கம். அதே ஊரில் இன்னொரு பெண்ணை மணந்து வாழ்ந்தாரா, தந்தையின் உயிலில் பெயர் வருகிறதா என்றும் பாருங்கள். 1754க்குப் பிந்தைய திருமணப் பதிவில் கையெழுத்தோ கீறலோ இருக்கும், சாட்சிகள் இருப்பார்கள். சாட்சிகளின் பெயர்கள் எந்த ஜானின் குடும்பத்தோடு சேர்கின்றன என்பது பல முடிச்சுகளை அவிழ்க்கும். எல்லாத் திருமணங்களுக்கும் ஒரே ஆள் சாட்சி நின்றிருந்தால் அவர் பாரிஷ் கிளார்க், அதாவது தேவாலய ஊழியர். அவரை உறவினராக்கிவிட வேண்டாம். 'மூத்தவர்', 'இளையவர்' என்ற அடைமொழியும் ஏமாற்றும். ஊரில் அதே பெயருள்ள இருவரைப் பிரித்துக் காட்டவும் அப்படி எழுதினார்கள். அவர்கள் தந்தையும் மகனுமாக இருக்க வேண்டியதில்லை.

எதுவும் தீரவில்லை என்றால் இரண்டு பெயரையும் எழுதிவைத்து, 'முடிவாகவில்லை' என்று குறித்து நிறுத்துவதே நேர்மையான ஆய்வு.

கே: 1721 பிப்ரவரியில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். பெற்றோரின் திருமணமோ 1721 ஜூனில். மணமாகுமுன் பிறந்த குழந்தையா? (வாசகி, கேம்பிரிட்ஜ்)

ப: இல்லை. அன்று இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. 1721 ஜூனுக்குப் பிறகுதான் 1721 பிப்ரவரி வந்தது. நம் கணக்கில் அது 1722. இத்தகைய தேதிகளை 1721/22 என்று இரட்டையாக எழுதிக்கொள்ளுங்கள். இந்த முறை 1752 ஜனவரி 1 அன்று மாறியது. அதே ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. குவேக்கர் ஏடுகளில் 1752க்கு முன் 'முதல் மாதம்' என்று இருந்தால் அது மார்ச்.

கே: என் மனைவியின் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கூலிகள். நிலமில்லை, உயிலில்லை, கல்லறைக் கல்லுமில்லை. பிறப்பு இறப்புத் தேதிகளைத் தாண்டி ஏதாவது கிடைக்குமா? (வாசகர், ரெடிங்)

ப: கிடைக்கும். ஓரளவு வசதியாக வாழ்ந்த சிறு விவசாயியைவிடக் கூலியாளைப் பற்றியே கூடுதலாக எழுதி வைத்திருக்கிறார்கள், ஏனெனில் அவருக்காக ஊர் செலவழித்தது. 1601ஆம் ஆண்டு ஏழைகள் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காக்க வேண்டும். அதற்கு ஊரில் நிலமும் வீடும் வைத்திருப்போரிடம் வரி திரட்ட வேண்டும். யாருக்காக நாம் கட்டுகிறோம் என்று வரி கட்டியவர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். அந்த விசாரணையெல்லாம் தாளில் ஏறி, தேவாலயத்தின் பூட்டிய பெட்டிக்குள் போனது. இன்று அது கவுண்டி ஆவணக் காப்பகத்தில், அந்தந்தப் பாரிஷின் பெயரில், 'ஏழைகள் ஓவர்சியர்' (ஏழைகளுக்கான வரியையும் உதவியையும் கவனித்த ஊர்ப் பொறுப்பாளர்) என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

1662 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் எங்கோ ஓர் ஊரில் உரிமை உண்டு என்று ஆனது. அந்த ஊர்தான் அவருக்குச் சோறு போட வேண்டும். மனைவிக்குக் கணவனின் ஊர் உரிமை, முறைப்படி பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் உரிமை. மணமாகாதவராக ஒரு முழு ஆண்டு கூலிக்கு அமர்ந்து வேலை செய்தாலோ, தொழில் பழகினாலோ, ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகையில் சொத்து எடுத்தாலோ புதிய ஊர் உரிமை கிடைக்கும். அதனால்தான் சில பண்ணையார்கள் 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள்.

இதில் பிறந்த தாள்களில் முதன்மையானது ஊர் உரிமை விசாரணை. இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன் அந்த ஆள் சத்தியம் செய்து தன் வாழ்க்கையைச் சொல்வார்: எங்கே பிறந்தார், எத்தனை வயதில் யாரிடம் வேலைக்குப் போனார், என்ன கூலி, எத்தனை ஆண்டு, யாரை எங்கே மணந்தார், பிள்ளைகளின் பெயரும் வயதும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலியாளின் தன்வரலாறாக நமக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் இது ஒன்றுதான். பிறந்த ஊரைச் சொல்லும்போது 'கேள்விப்பட்டு நம்புகிறபடி' என்று எழுதியிருந்தால், அவருக்கே உறுதியாகத் தெரியாது என்று கொள்ளுங்கள்.

விசாரணையின் முடிவில் வெளியேற்ற ஆணை வரும். அது இரண்டு பாரிஷுக்கும் போகும்: அனுப்பிய ஊரின் பெட்டியில் ஒன்று, ஏற்ற ஊரின் பெட்டியில் ஒன்று. ஒன்று அழிந்திருந்தால் மற்றதைத் தேடுங்கள். ஏற்க மறுத்து ஊர்கள் வழக்காடிய கதைகள் காலாண்டு அமர்வு நீதிமன்ற ஏடுகளில் இருக்கும். 1795 வரை, ஊருக்குச் சுமையாகக்கூடும் என்ற ஐயமே ஒருவரை வெளியேற்றப் போதுமானதாக இருந்தது. அதன்பின் உண்மையிலேயே உதவி கேட்டவரை மட்டுமே வெளியேற்ற முடிந்தது.

அடுத்து ஓவர்சியரின் கணக்குப் புத்தகம். காலணிக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு, பிரசவம் பார்த்தவளுக்கு இவ்வளவு, சவப்பெட்டிக்கு இவ்வளவு என்று வரும். பெயர் அட்டவணை இருக்காது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அடக்கப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயரும் தேதியும் மட்டும் இருந்தால், அதற்கு முந்தைய மாதங்களின் கணக்கைப் பாருங்கள். அவளைக் கவனித்துக்கொள்ள யாருக்கோ வாரக்கூலி கொடுத்திருப்பார்கள், அதன்பின் அடக்கச் செலவு வரும். ஒரு நோயின் போக்கே அந்தப் பென்ஸ் கணக்கில் தெரியும்.

தந்தை பெயர் இல்லாத ஞானஸ்நானம் இருந்தால், பிள்ளை ஊர்ச் செலவில் வளராதிருக்கத் தந்தையிடம் எழுதி வாங்கிய உறுதிப் பத்திரத்தைத் தேடுங்கள். மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குப் பொதுவாகப் பிறந்த ஊரே உரிமை ஊர் என்பதால், கருவுற்ற பெண்ணைப் பிரசவத்துக்கு முன் எல்லை தாண்ட வைக்க ஊர்கள் போட்டி போட்டன. பிறந்த இடம் எதிர்பாராத ஊராக இருந்தால் இதுவும் காரணமாகலாம்.

1834க்குப் பிறகு பல பாரிஷுகளைச் சேர்த்து யூனியன் ஆக்கினார்கள். ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதி அதன் மையம். அக்காலத்தவரைத் தேட, பாரிஷின் பெயரை விட்டு யூனியனின் பெயரில் தேடுங்கள். சேர்க்கை ஏடுகள் எல்லா யூனியனுக்கும் பிழைக்கவில்லை.

கே: டோர்செட் கிராமமொன்றில் பழைய கல் வீடு வாங்கியிருக்கிறோம். கதவுக்கு மேல் 1742 என்று செதுக்கியிருக்கிறது. வீட்டின் வரலாற்றை எப்படி எழுதுவது? (வாசகி, டோர்செட்)

ப: 1742 என்பது கட்டிய ஆண்டாக இருக்கலாம், முகப்பை மாற்றிய ஆண்டாகவும் இருக்கலாம், வேறு இடத்திலிருந்து வந்த கல்லாகவும் இருக்கலாம். அதை ஒரு தகவலாகக் குறித்துவிட்டு வரைபடங்களுக்குப் போங்கள்.

இன்றைய வரைபடத்திலிருந்து பின்னே வாருங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 19ஆம் நூற்றாண்டு 25 அங்குல வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இங்கிலாந்துக்கும் சேர்த்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் உங்கள் வீட்டின் வடிவமும் புறக்கட்டடங்களும் தெரியும். அதில் வீட்டை அடையாளம் கண்ட பிறகே தசமபாக வரைபடத்துக்குப் போங்கள்.

1836 சட்டம் தேவாலயத்துக்குப் பொருளாகக் கொடுத்துவந்த தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) பணமாக மாற்றியது. அதற்காக இங்கிலாந்து, வேல்ஸின் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு வரைபடமும் பட்டியலும் தயாரித்தார்கள். பெரும்பாலானவை 1836க்கும் 1850களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவை. குடியிருப்பு வீடுகளைச் சிவப்பிலும் மற்றக் கட்டடங்களைச் சாம்பல் நிறத்திலும் தீட்டுவது வழக்கம். உங்கள் வீட்டின் மேல் ஒரு எண் இருக்கும். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர், குடியிருப்பவர், மனையின் பெயர் அல்லது விவரிப்பு, பயிர் நிலை, பரப்பு, பணம் ஆகியவை இருக்கும். பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் வரும்: 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். பட்டியல் உரிமையாளரின் அகரவரிசையில் இருப்பதால் எண்ணைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். பலர் இங்கே 17 என்ற மனை எண்ணைக் கணக்கெடுப்புப் பட்டியலின் 17ஆம் எண்ணோடு பொருத்திவிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

குடியிருப்பவர் பெயரை 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடுங்கள். கிராம வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. கணக்கெடுப்பாளர் நடந்த வழி புத்தகத்தின் தொடக்கத்தில் விவரிக்கப்பட்டிருக்கும். மதுக்கடை, பெரிய பண்ணை, குருமனை மூன்றையும் நிலையான புள்ளிகளாக வைத்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே உங்கள் வீடு எத்தனையாவது என்று எண்ணுங்கள். கூலியாட்கள் அடிக்கடி பண்ணை மாறியதால் பத்தாண்டுக்கு ஒரு குடும்பம் என்று வருவதில் வியப்பில்லை. பட்டியலில் 'இன்னாரும் பிறரும்' என்று மட்டும் இருந்தால், ஒரு கூரையின் கீழ் பல குடித்தனங்கள் இருந்திருக்கின்றன. பெயர்களைக் கணக்கெடுப்பிலிருந்துதான் மீட்க வேண்டும்.

தசமபாக வரைபடமே இல்லாத பாரிஷ் என்றால், பொது நிலங்களை வேலியிட்டுப் பிரித்தபோதே தசமபாகத்தை நிலமாகக் கொடுத்துத் தீர்த்திருக்கலாம். அப்போது அந்த வேலியிடல் தீர்ப்பையும் அதன் வரைபடத்தையும் கேளுங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு செல்வம், 1910 வாக்கில் நிலவரிக்காக நாடு முழுதும் எடுத்த மதிப்பீடு. கியூவில் ஐஆர் 58 வரிசையில் உள்ள களப் புத்தகங்களில் அறைகள், கட்டுமானப் பொருள், பழுது, வாடகை எல்லாம் இருக்கும். முதலில் வரைபடத்தில் வீட்டின் மதிப்பீட்டு எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அது இல்லாமல் புத்தகத்தைக் கேட்டால் பயனில்லை.

1742க்கு முந்தைய காலத்துக்குப் போக மேனர் (ஒரு நிலப்பிரபுவின் பண்ணை நிலப்பகுதி) நீதிமன்ற ஏடுகளே வழி. மேனர் ஏட்டின் நகலே உரிமைச் சான்றான காப்பிஹோல்ட் முறையில் வைத்திருந்த வீடு என்றால், பழைய குடியானவர் இறந்ததும் வாரிசு மேனர் நீதிமன்றத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, உறவும் கட்டணமும் எழுதப்படும். இந்த முறை 1926 ஜனவரி 1 வரை நீடித்தது. 1733 வரை ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும் என்றாலும், சூத்திரம் போன்ற வாக்கியங்கள் என்பதால் பழகிவிடும். ஒரு பாரிஷில் பல மேனர்கள் இருக்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் உள்ள மேனர் ஆவணப் பதிவேட்டில் பாரிஷ் பெயரைக் கொடுத்தால் அங்கிருந்த மேனர்களும் ஏடுகள் இன்று இருக்கும் இடமும் வரும்.

பழைய பத்திரங்களை நில உரிமைப் பதிவகத்தில் எதிர்பார்க்காதீர்கள். உரிமை பதிவானதும் அவை சட்டத்துக்குத் தேவையற்றவையாகி, பல தூக்கி எறியப்பட்டன. முந்தைய உரிமையாளரிடமும் அவருடைய வழக்கறிஞரிடமும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கே: கல்லறைக் கல்லில் எழுத்து மங்கிவிட்டது. சாக்பீஸ் தேய்த்தால் தெரியுமாமே? (வாசகர், கென்ட்)

ப: வேண்டவே வேண்டாம். சாக்பீஸ், மாவு, ஷேவிங் நுரை, கம்பித் தூரிகை எல்லாம் கல்லைக் கெடுக்கும். மேலே படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து உரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது படமெடுங்கள். நிழலில் நிற்கும் கல்லுக்கு ஒரு கண்ணாடியைப் பிடித்துச் சூரிய ஒளியை ஓரமாகத் திருப்பினால் போதும். அதற்கு முன் அந்தக் கவுண்டியின் குடும்ப வரலாற்றுச் சங்கத்திடம் கல்வெட்டுப் படியெடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்து தெளிவாக இருந்த காலத்தில் யாராவது எழுதி வைத்திருப்பார்கள்.

கே: கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு முதல்முறை போகிறேன். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது. (வாசகர், மான்செஸ்டர்)

ப: வீட்டிலேயே பாதி வேலையை முடித்துவிட்டுப் போங்கள். இணையப் பட்டியலில் தேடி, வேண்டிய ஆவணங்களின் குறியீட்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இடத்தையும் ஆவணத்தையும் முன்பதிவு செய்ய வேண்டுமா, அடையாளச் சான்று என்ன, படமெடுக்கக் கட்டணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். சில ஆவணங்கள் வேறு கிடங்கில் இருக்கும். அன்றே கேட்டால் வராது. பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும்.

இணையத்தில் கிடைக்கும் பதிவேடுகளில் அந்த நாளைச் செலவழிக்காதீர்கள். ஓவர்சியர் கணக்கு, ஊர் விசாரணைத் தாள்கள், வெஸ்ட்ரி எனப்பட்ட பாரிஷ் நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புகள், பள்ளி நாட்குறிப்பு என்று அங்கே மட்டும் இருப்பதை எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் குறியீட்டு எண் எழுதிய தாளைப் படமெடுங்கள். இதைச் செய்யாதவர்கள் வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் எந்தப் புத்தகம் என்று தெரியாத நூற்றுக்கணக்கான படங்களோடு திண்டாடுவார்கள். தேடி இல்லாததையும் எழுதுங்கள்: எந்த ஏடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, கிடைக்கவில்லை என்று.

கே: இணையத்தில் ஒருவர் எங்கள் குடும்ப மரத்தை 1066 வரை கொண்டுபோயிருக்கிறார். எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, சஃபக்)

ப: ஒவ்வொரு கண்ணிக்கும் அவர் காட்டும் ஆவணம் என்ன என்று பாருங்கள். இன்னொருவரின் மரமே ஆதாரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். பதிவேடுகளே 1538இல்தான் தொடங்குகின்றன. பல பாரிஷுகளில் 1558க்கு முன் ஒன்றுமில்லை. 1640களிலும் 50களிலும் உள்நாட்டுப் போரால் பெரிய ஓட்டைகள். சாதாரணக் கிராமக் குடும்பத்தை 1600களின் நடுப்பகுதி வரை ஆவணத்தோடு காட்டினாலே அது நல்ல வேலை. தாய் பிறக்குமுன் பிறந்த பிள்ளை, அறுபது வயதில் மகப்பேறு, 150 மைல் தொலைவில் திடீரென்று ஒரு ஞானஸ்நானம் ஆகியவை அந்த மரங்களில் அடிக்கடி காணும் விரிசல்கள்.

கே: எங்கள் ஊர்த் தேவாலயத்தில் முதல் உலகப் போர் நினைவுப் பலகையில் பதினாறு பெயர்கள், முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும். ஒவ்வொருவரையும் அடையாளம் காண விரும்புகிறோம். (வாசகர்கள் இருவர், லிங்கன்ஷையர்)

ப: முதலில் 1911 கணக்கெடுப்பில் உங்கள் பாரிஷிலும் அடுத்த பாரிஷுகளிலும் அந்தக் குடும்பப் பெயருள்ள, போருக்கு ஏற்ற வயதுள்ள ஆண்களைப் பட்டியலிடுங்கள். பிறகு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பாருங்கள். சிலருக்குப் பெற்றோர் பெயரும் முகவரியும் இருக்கும், பலருக்கு இருக்காது. போரில் இறந்த வீரர்களின் அரசுப் பட்டியலில் பிறந்த ஊர், வசித்த ஊர், சேர்ந்த ஊர் என்று கிடைக்கும். பெயர் பொருந்துகிறது, ஊர் பொருந்தவில்லை என்றால், அடுத்ததாக வீரர் உடைமைப் பதிவேட்டைப் பாருங்கள். நிலுவைச் சம்பளம் யாருக்குப் போனது என்று அது சொல்லும். அம்மாவின் பெயர் 1911 தாளோடு பொருந்தினால் ஆள் உறுதி.

வீரர்களின் பணிக் கோப்பு கிடைக்காவிட்டால் உங்கள் குறையல்ல. 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் பெரும்பகுதி எரிந்துபோனது. கருகித் தப்பியவை கியூவில் டபிள்யூஓ 363 வரிசையில் உள்ளன. பதிலுக்கு, 1918இல் ஊரில் இல்லாத வாக்காளர்களுக்காகத் தனியே தயாரித்த பட்டியல் உங்கள் கவுண்டிக்குப் பிழைத்திருந்தால் தேடுங்கள். அதில் படைப்பிரிவும் எண்ணும் வீட்டு முகவரியோடு இருக்கும். அப்போது உயிரோடு இருந்தவர்களே அதில் வருவார்கள் என்பதால், போரிலிருந்து திரும்பியவர்களையும் உங்கள் ஆய்வில் சேர்க்கலாம்.

யாருடைய பெயரைப் பலகையில் சேர்ப்பது என்பதை ஊர்க் குழுவும் குடும்பமும்தான் முடிவு செய்தன. வேலைக்காக ஓராண்டு வந்து தங்கியவர் இருக்கலாம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர் விடுபட்டிருக்கலாம், ஒருவர் இரண்டு ஊர்ப் பலகைகளில் இருக்கலாம். தேவாலயத்துக்குள் பலகை வைக்க மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கோப்பு காப்பகத்தில் இருந்தால், பெயர்களின் முழு வடிவம் அதில் கிடைக்க வாய்ப்புண்டு. ஊர்ப் பள்ளி நாட்குறிப்பையும் கேளுங்கள். 1862க்குப் பிறகு அரசு உதவி பெற்ற பள்ளிகளில் தலைமையாசிரியர் அதை எழுதியாக வேண்டும். பழைய மாணவர் போரில் இறந்த செய்தி எட்டிய நாளில் சிலர் அதைக் குறித்திருக்கிறார்கள். பதினாறு பேருக்கும் தனித்தனிக் கோப்பு போட்டு, இரண்டு தனித்தனி ஆவணங்கள் ஒரே ஆளைக் காட்டும்வரை முதற்பெயரை முழுமையாக எழுதாமல் முதலெழுத்தாகவே விட்டுவையுங்கள்.